அலமாரி மேல் ஒரு பந்து

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பள்ளி அணியில் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஆனால் பந்தைக் குறி பார்த்து எறிய வரவில்லை. நான் கல்லூரி அணியில் ஆடியவன். அதனால் நானே தினமும் மாலையில் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்கிறேன். சுவரில் வட்டம் வரைந்து, முழங்கை எங்கே இருக்க வேண்டும், மணிக்கட்டு எப்போது மடங்க வேண்டும், எந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன். தேய்ந்துபோன பழைய பந்துதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அதை எடுத்து அலமாரி மேல் போட்டுவிட்டு, நல்ல பந்தாகப் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதமாகிறது. முன்பு எறிந்ததைவிட மோசமாக எறிகிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறது, சைக்கிள் நன்றாக ஓட்டுகிறாள். பந்தைத் தொட்டால் மட்டும் கை விறைத்துப்போகிறது. இது கவனக்குறைவா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தம்பி, அந்தப் பந்தை முதலில் கீழே இறக்குங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

டாக்டர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் சட்டென்று முடித்துவிடுகிறேன். உடலை ஒருங்கிணைத்து அசைப்பதே சிரமமாக இருக்கும் குழந்தைகள் உண்டு, நூற்றுக்கு 5, 6 பேர். அவர்களுக்குப் பொத்தான் போடுவது, எழுதுவது, சைக்கிள் ஓட்டுவது என்று பல இடங்களில் தடுமாற்றம் தெரியும். அப்படியானால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகளுக்கோ நீங்கள் பயிற்சி கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் கை விறைக்கிறது. இதற்கு எந்த டாக்டர் என்ன எழுதிக்கொடுப்பார்?

இப்போது பந்துக்கு வருகிறேன். நீளமான உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் அவளுடைய அடத்துக்கு உதாரணமாக. நான் அந்த வரியைத் தாண்டி வெகுநேரம் நகரவில்லை. 9 வயதுப் பிள்ளை அந்தப் பயிற்சியில் தானாகக் கேட்டது ஒன்றே ஒன்று. வட்டம் எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்தீர்கள். நேரம், கால், கை எல்லாம் நீங்கள் சொன்னபடி. மிச்சமிருந்தது பந்து. அதையும் பிடுங்கி, அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, ‘கவனக்குறைவு’ என்று இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள்.

தேய்ந்த பந்தா, புதுப் பந்தா என்பதில் என்ன இருக்கிறது என்பீர்கள். உடல் அசைவுகளை நாம் எப்படிக் கற்கிறோம் என்று ஆராயும் ரெபேக்கா லூத்வெய்ட், கேப்ரியேல் வுல்ஃப் முதலானோர் 2015இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கோல்ஃப் பந்தைக் குறிக்குத் தட்டிவிடும் பயிற்சி அது. ஒரு குழுவினர் பந்தின் நிறத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்த நிறம்தான். நிறத்துக்கும் குறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் தேர்ந்தெடுத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். இன்னொரு சோதனையில், உடலைச் சமநிலையில் நிறுத்திப் பழக வந்தவர்களிடம் ஆய்வகச் சுவரில் எந்தப் படத்தை மாட்டலாம் என்று கேட்டதுகூடப் பலன் தந்தது. இந்த இரண்டு சோதனையிலும் பழகியவர்கள் பெரியவர்கள். 10 வயதுப் பிள்ளைகளை வைத்தும் ஒன்று நடந்தது, சுசெட்டே சிவியாகோவ்ஸ்கியும் சகாக்களும் 2008இல் வெளியிட்டது. சிறு பையைப் பழக்கமில்லாத கையால் குறிக்கு எறிய வேண்டும். எறிந்தது எங்கே விழுந்தது என்று எப்போது கேட்பது என்பதைச் சில பிள்ளைகளின் விருப்பத்துக்கு விட்டார்கள். மற்றவர்களுக்குக் கேட்காமலே சொன்னார்கள். பிறகு சோதித்தபோது, கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் முந்தியிருந்தார்கள்.

இந்தப் பலன் முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். பலன் கடுகளவே என்றாலும் பந்து அவளுடையது. பிள்ளையின் பொருளைக் கேட்காமல் எடுத்து ஒளித்து வைப்பது சரியா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்தது அந்த முழங்கை. உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். முழங்கை ஆறு முறை, மணிக்கட்டு நான்கு முறை. சுவரில் வரைந்த வட்டம் ஒரே ஒரு முறை, அதுவும் நீங்கள் வரைந்தீர்கள் என்று சொல்வதற்காக. எறிகிறவள் எதைப் பார்க்க வேண்டும், தம்பி?

வுல்ஃபும் சகாக்களும் 1998இல் ஒன்றைக் காட்டினார்கள். பனிச்சறுக்கு போல இடமும் வலமும் ஓடும் பலகைமேல் ஆட்களை நிறுத்திப் பழக்கினார்கள். சிலரிடம் பாதத்தில் கவனம் வைக்கச் சொன்னார்கள். சிலரிடம் பாதத்துக்கு நேர் கீழே இருந்த சக்கரங்களில் கவனம் வைக்கச் சொன்னார்கள். பாதத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே என்ன பெரிய தூரம்? சக்கரத்தை நினைத்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். தன் உடலை நினைக்கிறவர், தானாக ஓடிக்கொண்டிருக்கும் அசைவைக் கையில் பிடித்து நிறுத்துகிறார் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். குழந்தைகளிடம் எல்லாச் சோதனையிலும் இதே முடிவு வந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முழங்கை, மணிக்கட்டு, கால் மூன்றையும் ஒரே எறியில் நினைத்துக்கொண்டு கை விறைக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நானும் யோக்கியம் இல்லை. என் மகன் சைக்கிள் பழகியபோது பின்னால் ஓடிக்கொண்டே “காலைப் பாரு, காலைப் பாரு” என்று கத்தினேன். சொன்ன சொல் தட்டாத பிள்ளை, காலைப் பார்த்தான். நேரே போய்ச் சுவரில் முட்டினான். முழங்காலைத் தடவிக்கொண்டு, “நீ சொன்னதைத்தானே செஞ்சேன்” என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அவளுக்குக் கவனக்குறைவு என்கிறீர்கள். கவனம் ஏராளமாக இருக்கிறது, எல்லாம் உங்கள் முகத்தில் இருக்கிறது. பந்து கையை விட்டதும் அவள் வட்டத்தைப் பார்க்கிறாளா, உங்களைத் திரும்பிப் பார்க்கிறாளா? நாளைக்குக் கொஞ்சம் கவனியுங்கள். அப்படியே, நீங்கள் எப்போது வாய் திறக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். தவறும்போது மட்டும்தானே? கேட்கும் உரிமையை ஆட்களிடமே விட்டால், நன்றாக வந்தது என்று தோன்றும் எறிக்குப் பிறகுதான் அவர்கள் பெரும்பாலும் “எப்படி?” என்று கேட்கிறார்கள். இதுவும் சோதித்துப் பார்த்ததுதான். உங்கள் மகளும் கேட்டிருப்பாள். கேட்க நீங்கள் இடைவெளி விட்டால்தானே?

கல்லூரி அணி உங்கள் காலம், அது முடிந்துவிட்டது. அப்பா என்பது வேறு வேலை. பிள்ளை ஒன்றில் திணறும்போது பக்கத்தில் நின்று, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் செய்ய முடியாதவர்கள் பயிற்சியை வேறொருவரிடம் விட்டுவிடுவது பிள்ளைக்கு நல்லது. கசப்பாகத்தான் இருக்கும். பெற்றவர்கள் என்றால் கொஞ்சம் கசப்பை விழுங்கத்தான் வேண்டும்.

ஆக, இன்று மாலை ஸ்டூலைப் போட்டு ஏறுங்கள். பந்தைத் தூசி தட்டி அவள் கையில் கொடுங்கள். “எடுத்தது தப்பு” என்ற இரண்டு சொல் போதும், விளக்கவுரை வேண்டாம். வட்டத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக வரைவது என்று அவளே முடிவு செய்யட்டும், சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தால், “வட்டத்துக்கு நடுவுல அடி” என்று சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அவளாகக் கேட்கும்வரை சுவர் ஓரமாக நின்று பந்தைப் பொறுக்கிப் போடுங்கள். தேய்ந்த பந்து கண்ட பக்கமெல்லாம் ஓடும், அதற்கு ஒரு ஆள் வேண்டும்.