“ஆயா வேலைக்கா படிக்க வைத்தேன்?”

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள், இன்ஜினீயரிங் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். “ஆயா வேலைக்கா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வைத்தேன்” என்ற வரியில் கோபமும் பயமும் சேர்ந்தே தெரிகின்றன. கோபத்தை விடுங்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்று: அவளுக்குப் பிடித்திருப்பது குழந்தைகளா, குழந்தைகள் கற்றுக்கொள்ளும் விதமா? கல்யாண வீட்டில் யார் பிள்ளையானாலும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. நல்ல குணம்தான். ஆனால் வகுப்பில் நாலு பேர் ஒரே நேரத்தில் அழ, ஒருவன் டவுசரை நனைத்துக்கொண்டு நிற்க, வாசலில் ஓர் அப்பா “இன்னும் ஏபிசிடி எழுத வரலையே” என்று கேட்க, அந்தப் பிரியமெல்லாம் பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஒருத்தியை அங்கே உற்சாகமாக வைத்திருப்பது வேறொன்று.

நாலு வயதுப் பெண் ஒருத்தி ஒன்றிலிருந்து இருபது வரை கடகடவென்று ஒப்பிப்பாள். புளியங்கொட்டையைக் குவித்து வைத்து, “அஞ்சு எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கை அள்ளி நீட்டுவாள். எண்ணச் சொன்னால் ஒரே கொட்டையை இரண்டு தடவை தொடுவாள், இன்னொன்றைத் தாண்டிப் போவாள். முடித்ததும் “சரி, மொத்தம் எத்தனை?” என்றால் திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒப்பிப்பதற்கும் இது புரிவதற்கும் நடுவே பல மாதங்கள் ஓடும். “இவளுக்கு எண்ணத் தெரியலை” என்று முடித்துக்கொள்ளும் டீச்சர்கள் இருக்கிறார்கள். “ரெண்டு கேட்டால் சரியாகத் தருகிறாளா? மூணு கேட்டால்?” என்று மேலே போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது ரகத்துக்கு எத்தனை வருடம் ஆனாலும் வேலை சலிக்காது. உங்கள் மகள் எந்த ரகம் என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது.

அதைப் பார்க்கச் செலவில்லாத வழி இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும், தெரிந்த நர்சரி பள்ளியிலோ அங்கன்வாடியிலோ பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு வாரம் காலையில் மட்டும் ஓரமாக உட்கார வையுங்கள். புதுப் பிள்ளைகள் அம்மாவைத் தேடி அழும் வாரமாக இருந்தால் இன்னும் நல்லது. யாரையும் கொஞ்ச வேண்டாம், ஃபோட்டோ எடுக்கவே கூடாது. ஒரு நோட்டில் பார்த்ததை மட்டும் எழுதட்டும். ராத்திரி சாப்பிடும்போது “என்ன பார்த்தே?” என்று கேளுங்கள். “செம க்யூட்மா” என்பதோடு பேச்சு நின்றால் கொஞ்சம் யோசிக்கலாம். “அந்தப் பையன் செருப்பை மாத்தி மாத்திப் போட்டான்மா, டீச்சர் உதவிக்கே போகலை, ஏன்னு தெரியலை” என்று ஆரம்பித்தால் ஃபீஸ் கட்டத் தயாராகுங்கள்.

இப்படிப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைப் பயிற்சியே. சின்னப் பிள்ளைகளுக்கான கல்விமுறை ஒன்றை உருவாக்கிய இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்தபோது அவருக்கு 69 வயது. போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1946 வரை இந்தியாவில் இருந்த அந்த வருடங்களில், கொடைக்கானலிலும்கூட, குழந்தைகளைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தார். அந்த வயதில் அவரை ஓட்டியது குழந்தைப் பாசம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் பயம். சம்பளத்தை மறைத்துப் பேச மாட்டேன். ஜவுளிக்கடையில் கிடைப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கும் பிளே ஸ்கூல்கள் இருக்கின்றன. பணி நியமனக் கடிதம் தருவார்களா, பி.எஃப். பிடிப்பார்களா, ஏப்ரல்–மே சம்பளம் உண்டா என்று சேரும் முன்பே வாய்விட்டுக் கேட்க வேண்டும். “சேவை மனப்பான்மை வேணும்மா” என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பெரிய பள்ளிகளின் கே.ஜி. பிரிவில் நிலைமை மேல், ஆனால் அங்கே டிகிரி கேட்பார்கள். அங்கன்வாடிப் பணியாளர் வேலைக்குப் பிளஸ் டூ போதும் என்றாலும், தமிழ்நாட்டில் 2025-ல் வந்த அறிவிப்பில் குறைந்தபட்ச வயது 25. பதினெட்டு வயதுக்காரிக்கு அது இப்போதைக்கு இல்லை.

அதனால் என் யோசனை, டிகிரியை விடாதீர்கள். மனையியலில் மனித மேம்பாடு, இல்லாவிட்டால் உளவியல் எடுக்கலாம். பிறகு ஆர்வம் மாறினாலும் கவுன்சலிங், சமூகப் பணி என்று வேறு கதவுகள் இருக்கும். டிப்ளமோதான் வேண்டும் என்றால், ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் உள்ள, மழலையர் கல்விக்கான டி.பி.எஸ்.இ. டிப்ளமோ இரண்டு வருடப் படிப்பு, பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது, டிகிரி முடித்த பிறகு வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். “மாண்டிசோரி பயிற்சி, நூறு சதவீத வேலை உத்தரவாதம்” என்ற விளம்பரங்களிடம் ஜாக்கிரதை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள், சான்றிதழை வழங்குவது யார் என்று பாருங்கள். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடம் எடுப்பவர்களுக்குத்தான், இப்போது அதற்காகக் கோச்சிங் கட்ட வேண்டாம்.

சிறப்புக் கல்வியையும் ஒரு தடவை அவள் காதில் போட்டு வையுங்கள். பேச்சு தாமதம், ஆட்டிசம் இவற்றைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி தருகிறவர்களைப் பல ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுவின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். நுணுக்கமாகக் கவனிக்கும் பெண்ணுக்குப் பொருத்தமான இடம், வருமானமும் பரவாயில்லை.

கல்லூரி விண்ணப்பத்தைத் தேதிக்குள் போட்டுவிடுங்கள், அந்த ஒரு வாரத்துக்காக அது காத்திருக்காது. அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள், நோட்டோடு.