ஓடாத எஞ்சினை எடுத்துக்கொண்டு போங்கள்

அன்புள்ள ஐயா,

'என்' (N) என்ற மிகச் சிறிய ஸ்கேலில் ஒரு மாடல் ரயில் பாதையை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். தனியாகத்தான். இந்த வட்டாரத்து மாடல் ரயில்காரர்கள் எல்லாரும் இரண்டு நாள் கூடுகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்று ஒருவர் அழைத்திருக்கிறார். எனக்குத் தயக்கம். என் மலை இன்னும் வெறும் கம்பிவலையும் செய்தித்தாளுமாக நிற்கிறது. சின்ன எஞ்சின் ஒரு பாயிண்டில், அதாவது வண்டி தடம் மாறும் இடத்தில், ஏறினாலே நின்றுவிடுகிறது. முப்பது வருட அனுபவக்காரர்கள் நடுவில் நான் எதைக் காட்டுவது, எதைப் பேசுவது? அழகான பாதைகளெல்லாம் வீடியோவிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. போகத்தான் வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

போங்கள். அந்த எஞ்சினையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பாயிண்டையும் பெயர்த்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் ஒரு சந்திப்புக்குப் போனபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு எச்.ஓ. (HO) வேகன், உங்கள் 'என்'னைவிடப் பெரிய ஸ்கேல். ஒரு வளைவில் அது தவறாமல் தடம்புரளும். இரண்டு மாதம் அந்த வளைவைப் பிரித்துப் பிரித்துப் போட்டிருந்தேன். ஒரு பெரியவர் வேகனை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடை எடுத்தார். அதன் ஓரமெல்லாம் பல்லும் பள்ளமுமாக இருந்தது. சக்கர ஜோடியைக் கழற்றி அதில் வைத்தார். ஒரு சக்கரம் பள்ளத்தில் உட்கார்ந்தது, மற்றது விளிம்பில் ஏறி நின்றது. "இங்க பாருங்க, உள்ள தள்ளி இருக்கு" என்றார். இரண்டு சக்கரத்தையும் பிடித்துத் திருகி லேசாக வெளியே இழுத்தார். மறுபடி வைத்தபோது இரண்டும் உட்கார்ந்தன. அவ்வளவுதான். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலமே 16.5 மில்லிமீட்டர். அதில் தலைமுடி அளவு பிசகினாலும் வண்டி இறங்கிவிடும் என்று நான் படித்திருந்தேன், ஆனால் என் வேகனில் அதைப் பார்க்கத் தெரியவில்லை. எந்த வீடியோவும் உங்கள் வேகனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்காது.

இன்னொன்று, வீடியோவில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். அங்கே போனால், அனுமதி கேட்டுவிட்டு மேஜைக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டியிருப்பார்கள். முப்பது வருட அனுபவக்காரரின் மலையும் உள்ளே கம்பிவலையும் செய்தித்தாளும்தான். பாதி முடிந்த வேலையைக் கொண்டுவருகிறவர்களைச் சுற்றித்தான் அங்கே கூட்டம் அதிகம். முடிந்ததைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முடியாததைப் பார்த்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

முதல் நாள் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். மாட்யூல்களை, அதாவது ஆளுக்கொன்றாகச் செய்துவரும் பாதைப் பலகைகளை, சேர்ப்பதை நீங்கள் பார்க்கவேண்டும். உங்கள் ஸ்கேலுக்கென்றே 1970களில் கலிஃபோர்னியாவில் 'என்-ட்ராக்' என்ற முறை தொடங்கியது. தரையிலிருந்து 40 அங்குல உயரம், பொதுவாக 4 அடி நீளம், முன் விளிம்பிலிருந்து 4, 5.5, 7 அங்குலத்தில் மூன்று தண்டவாளம். முனையில் இந்த அளவுகள் சரியாக இருந்தால் போதும், நடுவில் காடோ துறைமுகமோ உங்கள் இஷ்டம். முன்னே பின்னே பார்த்திராத இருவர், அவரவர் வீட்டில் செய்துவந்த பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். ரசமட்டம் வைத்து, கால் போல்ட்டைத் திருகி உயரம் சரிசெய்து, கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். இடைவெளியில் ஒரு துண்டுத் தண்டவாளம் விழும். அதன்மேல் ஒருவர் விரலை ஓட்டித் தடுக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் முதல் வண்டி மெதுவாக அந்த மூட்டைக் கடக்கும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1935இல் தொடங்கியதும் இந்தச் சிக்கலுக்காகத்தான். ஒருவர் செய்த வண்டி இன்னொருவர் பாதையில் ஓட வேண்டும். நான் சொன்ன தகடும் அவர்கள் தந்ததுதான்.

சில சந்திப்புகளில் ரயிலை 'நடத்தி'ப் பார்க்கவும் இடம் தருவார்கள். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை, அது எங்கே போகவேண்டும் என்று ஒரு சீட்டு. கடிகாரம் வேகமாக ஓடும், நம் ஒரு மணி நேரம் அங்கே நாலு மணி நேரமாகலாம். புதியவரைத் தெரிந்த ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். தயங்காமல் சேருங்கள். என்ன பேசுவது என்ற கவலையும் அங்கேயே போய்விடும், எந்த வேகனை முதலில் கழற்றுவது என்பதுதான் பேச்சே.

ஜான் ஆலன் என்று ஒருவர் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் தன் வீட்டு அடித்தளத்தில் தரையிலிருந்து கூரைவரை மலையெழுப்பி ஒரு பாதை அமைத்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீயில் அந்தப் பாதை அழிந்துபோனது. ஆனால் அவர் யோசித்த ஷண்டிங் (வேகன்களைப் பிரித்து இடம் மாற்றிச் சேர்க்கும்) புதிரை, ஐந்து பாயிண்டும் சில வேகன்களும் ஒரு எஞ்சினும் கொண்ட 'டைம்சேவரை', இன்றும் மேஜைமேல் போட்டு நேரம் குறித்து விளையாடுகிறார்கள். அவர் அதை மற்றவர்களுக்குக் காட்டியிருந்தார், அதனால் அது மிஞ்சியது. நீங்கள் தனியாகவே செய்துகொண்டிருப்பதை நினைத்தபோது எனக்கு அவர் நினைவு வந்தார்.

சரி, உங்கள் எஞ்சின். எனக்குச் சந்தேகம் பாயிண்டின் கிராசிங்மேல். தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் அந்த இடம் பல பாயிண்டுகளில் பிளாஸ்டிக்காக இருக்கும், அங்கே மின்சாரம் கிடையாது. நீள எஞ்சினுக்கு வேறு சக்கரம் மின்சாரம் எடுத்துக்கொடுக்கும், குட்டி எஞ்சின் நின்றுவிடும். நின்ற இடத்தில் விரலால் லேசாகத் தள்ளுங்கள். நகர்ந்ததும் ஓடினால் காரணம் பெரும்பாலும் அதுதான். உலோகக் கிராசிங்குள்ள பாயிண்டாக மாற்றி, பாயிண்ட் திரும்பும்போது மின்முனையும் மாறும்படி அதற்குத் தனி ஒயர் கொடுத்தால் தீரும். சக்கரம் அழுக்காக இருந்தாலும் இப்படி நிற்கும், முதலில் துடைத்துப் பாருங்கள். எதுவென்று கையில் வாங்கிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே வாங்கிப் பார்க்க ஆள் இருப்பார்கள்.

இரண்டாம் நாள் மாலை, எல்லாரும் கிளம்பும்போது நீங்களும் கிளம்பிவிடாதீர்கள். கிளாம்ப் கழற்றவும் பலகையைத் தூக்கவும் யாருக்காவது ஒரு கை தேவைப்படும். அடுத்த சந்திப்புக்கு உங்கள் பலகை எந்த முனையில் சேரும் என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும்.