எட்டு மாதமாகக் கை ஏறவில்லை, ஏன்? – கேள்வி பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 17 வருடமாக எடைப்பயிற்சி சொல்லித் தருகிறேன். சில்வர் பீச்சில் காலையில் ஓட வருகிறவர்களும் புதுச்சேரிப் பக்கத்து நண்பர்களும் கை, தோள், மார்பு வலுவைப் பற்றி நிறையக் கேட்டிருந்தார்கள். பலருக்கும் பயன்படுகிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன்.

எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். தினமும் பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கச் சதை) அடிக்கிறேன். 10 கிலோ டம்பெல், 15 கவுண்ட் (நிறுத்தாமல் 15 முறை), ஐந்து செட் (அப்படி ஐந்து சுற்று). கை 12 அங்குலத்திலேயே நிற்கிறது. என் உடம்பு வாகே இப்படித்தானா மாஸ்டர்? (மஞ்சக்குப்பம், வயது 22)

உடம்பு வாகில் குறை இல்லை, தம்பி. உங்கள் கேள்விக்குள்ளேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, எட்டு மாதமும் அதே 10 கிலோ. தசை தேவை வந்தால்தான் வளரும். முதல் மாதம் அந்த 10 கிலோ உங்கள் கைக்குப் பெரிய சுமை. இன்று அது பழகிப்போன வேலை. பழகிய வேலைக்காக உடம்பு புதிதாகச் சதை போடாது. 8 கவுண்ட் சிரமப்பட்டுப் போடும் எடையில் தொடங்குங்கள். சில வாரத்தில் 12 வரும். அன்றைக்கே எடையை ஏற்றுங்கள், மறுபடி 8-க்கு இறங்கும், பரவாயில்லை. ஒவ்வொரு செட்டையும், இன்னும் ஒன்றிரண்டு கவுண்ட்தான் மிச்சம் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். செட்டுக்குச் செட்டு இரண்டு நிமிடமாவது உட்காருங்கள்.

இரண்டாவது, மேற்கைச் சதையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத்து ட்ரைசெப்ஸ். கண்ணாடியில் தெரிவது பைசெப்ஸ் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். கை தடிக்க வேண்டுமென்றால் தள்ளுகிற பயிற்சிகள் வேண்டும்: பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது), ஓவர்ஹெட் பிரஸ் (எடையைத் தலைக்கு மேல் தள்ளுவது), டிப்ஸ் (இரண்டு கம்பியில் கை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றுவது), கையை நெருக்கி வைத்த தண்டால். பைசெப்ஸுக்கும் டம்பெல்லை மடக்குவது மட்டும் போதாது. கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிற புல்-அப்ஸில் உங்கள் மொத்த உடம்பும் அந்தக் கையில் தொங்குகிறது. 65 கிலோ உடம்பு எங்கே, 10 கிலோ டம்பெல் எங்கே! கையைத் தடிக்க வைப்பது முதுகுக்கும் மார்புக்கும் செய்கிற பயிற்சிகள்தான். நான் சொல்லித் தருவதில் பாதி இந்த ஒரு விஷயம்.

மூன்றாவது, தினமும் அடிப்பது. சதை வளர்வது ஓய்வில். ஒரே சதைக்கு ஒரு நாளாவது இடைவெளி கொடுங்கள், இரவில் ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள்.

என் அப்பா முதுநகரில் 30 வருடமாக வலை இழுக்கிறார். கை ஒல்லிதான். நான் இரண்டு வருடம் ஜிம் போனவன், ஆனால் பஞ்சா (கை மல்யுத்தம்) போட்டால் என்னை நொடியில் சாய்த்துவிடுகிறார். எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சதையின் அளவும் பலமும் உறவுக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் இல்லை. பளு தூக்கும்போது மூளை நரம்பு வழியாகச் சதை இழைகளை வேலைக்குக் கூப்பிடுகிறது. பழகாதவருக்கு எல்லா இழையும் வந்து சேராது, வந்தாலும் ஒன்றுசேர்ந்து இழுக்காது. புதிதாக ஜிம்முக்கு வருகிறவருக்கு முதல் ஒன்றிரண்டு மாதத்தில் சதை ஏறாமலே எடை ஏறுவதும் இதனால்தான், அது நரம்பு கற்றுக்கொண்ட பலம். உங்கள் அப்பாவின் நரம்பு 30 வருடமாக இழுக்கவே கற்றிருக்கிறது. அவருடைய பிடியும் முன்கையும், எலும்போடு சதையைக் கட்டும் தசைநாணும் இறுகியிருக்கின்றன. தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும், அதற்குப் பொறுமை வேண்டும்.

நீங்கள் எட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் கம்பியில் தொங்குங்கள், ஒரு நிமிடம் வரை கொண்டுபோங்கள். கனமான டம்பெல்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடங்கள். வாரத்தில் ஒரு நாளாவது 5 கவுண்ட் மட்டுமே வருகிற கனமான எடையில் ரோ (குனிந்து எடையை இடுப்புக்கு இழுப்பது) அடியுங்கள். முடிந்தால் லீவு நாளில் அப்பாவோடு போய் ஒரு கை கொடுங்கள், அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பஞ்சாவில் ஒரு எச்சரிக்கை. கை ஒரு பக்கம் சாய, உடம்பை வேறு பக்கம் திருப்பினால் மேற்கை எலும்பு முறுக்கிக்கொண்டு உடையும். நல்ல உடம்புக்காரர்களுக்கே நடந்திருக்கிறது. தோள் எப்போதும் கைக்கு நேராக இருக்கட்டும்.

ஜிம்முக்குக் கட்டப் பணம் இல்லை அண்ணா. வீட்டில் 5 கிலோ டம்பெல் இரண்டு இருக்கிறது. போதுமா? (லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்)

டம்பெல் மட்டும் போதாது, ஆனால் வீட்டில் எடைக்கா பஞ்சம்? 20 லிட்டர் தண்ணீர் கேன் நிரம்பியிருந்தால் 20 கிலோவுக்கு மேல். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையால் கேனை இடுப்புக்கு இழுங்கள், ரோ ஆயிற்று. ஆரம்பத்தில் பாதி தண்ணீர் போதும், வாரா வாரம் ஊற்றிக்கொள்ளலாம். தண்டால் 20 சுலபமாக வந்துவிட்டால் புத்தகப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டுங்கள், அல்லது காலை நாற்காலி மேல் வையுங்கள். தொங்குவதற்கு உறுதியான ஒரு கம்பி மட்டும் எப்படியாவது தேடிக்கொள்ளுங்கள். இழுக்கிற பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை.

பெஞ்ச் அடிக்கும்போது தோள் முன்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. விட்டுவிடலாமா? (நெல்லிக்குப்பம்)

இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் பாதி எடையில் திரும்பி வாருங்கள். முழங்கையைச் சிலுவை மாதிரி விரித்து அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், பலர் செய்கிற தவறு அது. முழங்கை விலாவிலிருந்து பாதி விலகினால் போதும். படுத்ததும் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் இழுத்துப் பெஞ்சில் அழுத்திக்கொள்ளுங்கள். தள்ளுவதற்குச் சமமாக இழுப்பதும் இருக்க வேண்டும்: பெஞ்ச் நான்கு செட் என்றால் ரோவும் நான்கு செட். மார்பை மட்டும் ஏற்றிக்கொண்டு முதுகை விட்டால் தோள் ஒருநாள் கணக்குக் கேட்கும். அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலிக்கிறது, கை தலைக்கு மேல் ஏறவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஜிம்மில் யாரும் நீவிவிட வேண்டாம்.

எனக்கு 34 வயது. ஒரு தண்டால்கூட வரவில்லை. எடை தூக்கினால் கை ஆம்பளைக் கை ஆகிவிடும் என்று மாமியார் சொல்கிறார். (முத்தியால்பேட்டை)

ஆகாதும்மா. ஆண்களுக்குச் சதை கூடுதலாக ஏறுவதற்குப் பெரிய காரணம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். பெண்களிடம் அது மிகக் குறைவு. உங்கள் கைக்கு வருவது உறுதியும் வடிவமும்தான். எலும்புக்கும் நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும்போது இன்று சேர்த்தது உதவும்.

தண்டாலுக்கு வழி: முதலில் சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். மூன்று செட் 15 வந்ததும் சமையல் மேடை, அப்புறம் மாடிப்படியின் மூன்றாவது படி, அப்புறம் முதல் படி, கடைசியில் தரை. பெரும்பாலும் மூன்று நான்கு மாதம். என்னிடம் பழகிய ஒரு பெண்மணி தரையில் முதல் தண்டாலை எடுத்த அன்று அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

பவுடர் வாங்க வசதியில்லை. சாப்பாட்டிலேயே புரதம் முடியுமா? எடை 65. (பண்ருட்டி)

முடியும். உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு 104 கிராம். நான்கு முட்டையில் 24, நூறு கிராம் வேர்க்கடலையில் 25, நூற்றைம்பது கிராம் மீனில் ஏறக்குறைய 30, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பாலில் 13, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. மீதியைச் சாதமும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். மத்தி மலிவு, சத்தும் நிறைய. உங்கள் ஊர் முந்திரியில் புரதம் உண்டு, ஆனால் கொழுப்பு அதைவிட அதிகம், அளவாகச் சாப்பிடுங்கள்.

மூன்று மாதத்தில் கை ஏறும் என்று ஊசி போடச் சொல்கிறார்கள். (அரியாங்குப்பம், வயது 20)

வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அது டெஸ்டோஸ்டிரோனோ அதன் சாயலில் செய்த மருந்தோதான். வெளியிலிருந்து வந்ததும் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், மார்பில் பெண்களைப் போலச் சுரப்பி வளரலாம், நல்ல கொழுப்பு குறையும், இதயச் சதை தடிக்கும். என்னிடம் பழகிய ஒரு பையன் எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு, ஊசி போட்ட இடம் சீழ் பிடித்து, அறுத்துச் சுத்தம் செய்தார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. 20 வயதில் உங்கள் உடம்பு சுரப்பதே ஏராளம், தம்பி.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 67. பேரனைத் தூக்கினால் கை நடுங்குகிறது. இனிமேல் பயன் உண்டா?

நிச்சயம் உண்டு, அய்யா. 1990-ல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். தொடைப் பலம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நடுக்கம் சும்மா இருக்கும்போதும் வருகிறதா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று முதலில் மருத்துவரிடம் பாருங்கள். பிறகு ஒரு லிட்டர் பாட்டில், சுவர்த் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருத்தல், வாரம் மூன்று நாள். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.

கர்லாக்கட்டை (கையால் சுழற்றும் மரக்கட்டை) நல்லதா, டம்பெல் நல்லதா? (தேவனாம்பட்டினம்)

வேலை வேறு வேறு. கர்லாக்கட்டை தலையைச் சுற்றி வரும்போது தோள் மூட்டு எல்லாப் பக்கமும் திறக்கிறது, மணிக்கட்டும் பிடியும் இறுகும். ஆனால் படிப்படியாக எடை ஏற்றுவது அதில் கஷ்டம். நான் ஜிம்மில் ஐந்து நிமிடம் கர்லா சுற்றிவிட்டுத்தான் பெஞ்சுக்குப் போகச் சொல்கிறேன்.

மறுபடி நான்தான், மாஸ்டர். மஞ்சக்குப்பம். அப்படியென்றால் திங்கட்கிழமை என்ன அடிப்பது?

திங்கள் பெஞ்ச் பிரஸ், ரோ. புதன் ஓவர்ஹெட் பிரஸ், புல்-அப்ஸ், அதோடு கால். வெள்ளி டிப்ஸ், ரோ, கடைசியில் பைசெப்ஸ் மூன்று செட். மற்றதெல்லாம் மூன்று அல்லது நான்கு செட். புல்-அப்ஸ் வராவிட்டால் ஸ்டூல் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்து, ஐந்து நொடியில் மெதுவாக இறங்குங்கள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கித் தேதி, எடை, கவுண்ட் மூன்றையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து நோட்டோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.