காரைக்குடியில் ஆர்க்கிடெக்டாக இருப்பவர் வீட்டு இன்டீரியர் டிசைனுக்கு மாற என்ன தேவை?

தாராளமாக மாறலாம். ஐந்து வருட பி.ஆர்க் முடித்தவர் இன்னொரு டிப்ளமோவுக்கு அலைய வேண்டாம். இந்த வேலைக்குத் தனி லைசென்ஸும் கிடையாது. ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் உள்ள பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிவு இருக்கும்வரை கவுன்சிலின் 1989 நடத்தை விதிகளும் உங்களைக் கட்டும்: கடைக்காரர், கான்ட்ராக்டர் யாரிடமும் கமிஷன் வாங்கக் கூடாது. ப்ளைவுட் கடையில் கமிஷன் சகஜம் என்பார்கள். வேண்டாம், டிசைன் ஃபீஸை வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் மாற வேண்டியது அளவெடுக்கும் பழக்கம். கட்டடத்தில் அரை அங்குலப் பிசகு பூச்சில் மறையும். அலமாரிக் கதவில் 3 மில்லிமீட்டரே இடிக்கும். செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவர் பெரும்பாலும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது. அகலத்தை அடி, நடு, மேல் என மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதில் சிறிய அளவுக்குப் பெட்டி செய்யுங்கள். மிச்ச இடைவெளியை ஃபில்லர் பட்டை மூடிவிடும்.

அடுத்து சுண்ணாம்புப் பூச்சு. அது ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சிமென்ட் பட்டியும் (புட்டி) எமல்ஷன் பெயிண்டும் ஏற்றினால் ஈரம் அடைபட்டு, பூச்சு உப்பி உதிரும். அலமாரியையும் சுவரோடு ஒட்டாதீர்கள். ஓர் அங்குலம் விடாவிட்டால் முதுகுப் பலகையில் பூஞ்சை பிடிக்கும்.

தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, சூளையில் சுடுவதில்லை. ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்பரப்பு அரித்துவிடும். கைவேலை என்பதால் நிறம் தடவைக்குத் தடவை மாறும், 10 சதவீதம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

முதல் வேலையாக ஒரு சமையலறையை எடுத்து, ஆசாரி பக்கத்திலேயே முழுக்க நில்லுங்கள்.