பலாப்பழ மாதத்தில் உலகக் கோப்பை

கேள்வி: அக்கா, பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் இளைஞர் மன்றத்தில் 2026 உலகக் கோப்பை கால்பந்தைப் பெரிய திரையில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட ஆசை. 2022-ல் போட்டபோது அர்ஜென்டினா, பிரேசில் என்று பிரிந்து கைகலப்பாகிவிட்டது. பெண்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் நடப்பதால் மேட்ச் எல்லாம் நமக்கு ராத்திரி நேரம் என்று பெரியவர்கள் “வேண்டவே வேண்டாம்” என்கிறார்கள். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
பெயர் வேண்டாம், பந்தலூர்

பதில்: தம்பி, நான் பெரியவர்கள் கட்சி. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

அவர்களுக்குப் பயம் பந்தைப் பார்த்து இல்லை, ராத்திரி இரண்டரை மணியைப் பார்த்து. மெக்சிகோ சிட்டியில் நடக்கிற முதல் மேட்ச் நம் கணக்கில் ஜூன் 12, நள்ளிரவு 12.30-க்குத் தொடங்குகிறது. முடியும்போது மணி இரண்டரை. அப்புறம் மழையிலும் மூட்டத்திலும் நாற்பது பேர் லைன் பாதையில் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். பலா பழுக்கிற மாதம் வேறு. எந்த மரத்தில் பழுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே யானைக்குத் தெரியும். அந்த நேரத்தில் கோல் சந்தோஷத்தில் ஒருவன் பட்டாசு கொளுத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் உலகக் கோப்பை முழுவதற்கும் அனுமதி கேட்டுப் போய் நிற்காதீர்கள். 48 அணிகள், 104 மேட்ச், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. எந்தப் பெரியவர் தலையாட்டுவார்? மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் கேளுங்கள்.

நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பன்னிரண்டரை மணி நேரம். அங்கே சனிக்கிழமை சாயங்காலமும் ராத்திரியும் நடக்கிற மேட்ச் நமக்கு ஞாயிறு விடியலில் வந்துவிடும். கொழுந்து பறிக்கப் போக வேண்டாத நாள். ஜூன் 14 காலை 6.30-க்கு ஹெய்டியும் ஸ்காட்லாந்தும் ஆடுகின்றன. ஜூன் 28 காலை 7.30-க்கு அர்ஜென்டினா, எதிரில் ஜோர்டான். நடுவில் 21-ஆம் தேதியும் இருக்கிறது. வெளிச்சத்தில் வந்து வெளிச்சத்தில் திரும்பலாம். ஞாயிறு காலை என்றால் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறவர்களில் பாதிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள். மீதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்ப இரண்டு பேரை இப்போதே முடிவு செய்யுங்கள். அது உங்கள் நண்பனாக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும்.

பெண்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஏழரைக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள்? அடுப்பின் முன்னால். அந்த மூன்று ஞாயிறும் மன்றத்தில் பெரிய பாத்திரம் வைத்து உப்புமா கிண்டுங்கள், டீ போடுங்கள், ஆண்கள் பாடு. முன் வரிசைப் பாய் பெண்களுக்கும் பாட்டிகளுக்கும். தகரக் கூரையில் மழை இறங்கினால் வர்ணனை யாருக்கும் கேட்கப் போவதில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, வாய்ச்சாலகம் உள்ள ஒரு பையனை ஓரத்தில் உட்கார வைத்து ஆஃப்சைடு என்றால் என்ன என்று சொல்லச் சொல்லுங்கள். பாட்டிகள் கேள்வி கேட்டே அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

கைகலப்புக்கு வருகிறேன். நாடுகாணி மலைப்பாதை இறங்கினால் கேரளத்து மலப்புரம், கால்பந்துப் பைத்தியம் பிடித்த மாவட்டம். அந்தக் காற்று உங்கள் பக்கமும் அடிக்கிறது, சரி. அணியை மனிதர்களே தேர்ந்தெடுத்தால் இரண்டு கட்சிதான் மிஞ்சும். குலுக்கல் போடுங்கள். 48 சீட்டு, வீட்டுக்கு ஒரு நாடு. வீடு அதிகம் என்றால் இரண்டு வீட்டுக்கு ஒன்று. சீட்டைக் குழந்தைகள் எடுக்கட்டும். குராசோ என்று ஒரு தீவு இந்த முறை முதல் தடவையாக வருகிறது. மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான், இதுவரை உலகக் கோப்பைக்கு வந்ததிலேயே சிறிய நாடு. நம் நீலகிரி மாவட்டத்திலேயே 2011 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துக்கு மேல். அந்தச் சீட்டு விழுகிற வீட்டுக்குத்தான் அதிக மவுசு இருக்கும், பாருங்கள். ஜோர்டானும் புதுசுதான். 28-ஆம் தேதி மெஸ்ஸி ரசிகர்கள் அத்தனை பேருக்கும் எதிராக ஜோர்டான் வீட்டு அம்மா ஒருத்தி விசில் அடிக்கிற காட்சிக்காகவே நான் பஸ் ஏறி வரலாம்.

கரண்டை நம்பாதீர்கள். 2022 இறுதி மேட்சை எங்கள் தெருவில் திரை கட்டிப் பார்த்தோம். டிசம்பர் பனி, எல்லோரும் கம்பளிக்குள். அர்ஜென்டினா இரண்டுக்குப் பூஜ்யம் என்று இருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டரில் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் தேடிப் பிடித்து ஓட்டியபோது இரண்டுக்கு இரண்டு! பிரான்சின் எம்பாப்பே 80-ஆவது நிமிஷம் ஒன்று, 81-ல் ஒன்று போட்டிருந்தார். பெட்ரோல் வாங்க மறந்தவர் இன்றுவரை அந்தப் பேச்சிலிருந்து தப்பவில்லை. (நான்தான்.) கனமழையில் டிஷ் சிக்னலும் போகும், ஒரு போனில் இணையத்தைத் தயாராக வையுங்கள். ஆனால் போனில் படம் கொஞ்சம் பிந்தி வரும், பக்கத்து லைனில் டிஷ் வேலை செய்தால் கோல் அங்கிருந்து முதலில் கேட்கும்.

கட்டணம் வசூலிக்காதீர்கள், கடைக்காரரிடம் விளம்பரப் பணமும் வாங்காதீர்கள். அப்படிச் செய்தால் அது வியாபாரம், உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபா உரிமம் கேட்கும். உப்புமாவுக்கு வீட்டுக்கு ஒரு ஆழாக்கு ரவை போதும். ஒலிபெருக்கி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்பது சட்டம்.

இறுதி மேட்ச் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்காது. ஜூலை 20, திங்கள், நள்ளிரவு 12.30. மூன்று ஞாயிறும் நல்லபடியாக முடிந்தால் அதற்குப் பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள். வருகிறவர்கள் பாயும் கம்பளியும் கொண்டுவந்து மன்றத்திலேயே படுக்க வேண்டும், விடியும்வரை ஒருவரும் கதவைத் தாண்டக் கூடாது, தோட்டத்து வாட்சருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் நீங்களே பொறுப்பு என்று வாக்குக் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குலுக்கலில் எனக்கும் ஒரு சீட்டு எடுத்து வையுங்கள். பிரேசில் விழுந்தால் மட்டும் திரும்பக் குலுக்குங்கள், தம்பி. 2014-ல் பிரேசில் ஜெர்மனியிடம் ஏழு கோல் வாங்கிய ராத்திரி முழுக்க முழித்திருந்தவள் நான்.