பழைய ஐபோனா, புதிய அண்ட்ரொய்டா: எது நின்று உழைக்கும்?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே சாப்பாட்டு ஓடர் எடுத்துச் செய்கிறேன். ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில்தான் வரும். இரண்டரை வருடமாகப் பாவிக்கும் அண்ட்ரொய்ட் போன் இப்போது அடிக்கடி இறுகி நிற்கிறது. லிபர்ட்டி பிளாசாவில் ஒரு கடையில் பாவித்த ஐபோன் 11, 64 ஜிபி பார்த்தேன். அந்த விலைக்கு மேல் கொஞ்சம் போட்டால் புதிய சாம்சங் ஏ26 எடுக்கலாம். கனடாவில் இருக்கும் அண்ணா, "ஐபோன் எண்டால் பழுதே வராது, யோசிக்காமல் எடு" என்கிறார். எனக்கு நாலு வருடமாவது உழைக்க வேண்டும். எதை வாங்க?

பதில்: ஏ26ஐ எடுங்கள். அண்ணா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் நினைப்பது பெட்டி பிரிக்காத ஐபோனை. உங்களுக்குக் காட்டியது 2019இல் வெளிவந்த மொடல். எத்தனை கை மாறியதோ, யார் திறந்து பார்த்தார்களோ, கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, எதற்கு எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள்.

முதலில் அப்டேட். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டையும் 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 (ஐபோனை இயக்கும் மென்பொருள்) கைவிட்டுவிட்டது. ஐஓஎஸ் 26 ஓடும் போன்களில் மிகப் பழையது ஐபோன் 11 வரிசைதான். அடுத்த வெட்டுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதும் அதுதான். அண்ட்ரொய்ட் பக்கம் இந்த விஷயத்தில் முன்பு மோசம். இரண்டு வருடம் போனால் கொம்பனி திரும்பியும் பார்க்காது. 2023இல் கூகுள் தன் பிக்சல் 8க்கும், 2024இல் சாம்சங் எஸ்24க்கும் ஏழு வருட அப்டேட் தருவதாகச் சொன்ன பிறகு நிலைமை மாறியது. 2025 மார்ச்சில் வந்த ஏ26, ஏ36, ஏ56 மூன்றுக்கும் ஆறு வருடம். ஆனால் அந்த ஆறு வருடம் மொடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. அப்படிப் பார்த்தாலும் 2031 வரை போகும். இதை எல்லா அண்ட்ரொய்ட் போனுக்கும் பொதுவாக நினைத்துவிடாதீர்கள். விலை குறைந்த பல மொடல்களில் இவ்வளவு கிடைக்காது.

அப்டேட் நின்ற மறுநாளே போன் செத்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை. 2025இல்கூட வட்ஸ்அப்புக்கு ஐபோனில் ஐஓஎஸ் 15.1 இருந்தால் போதுமாக இருந்தது, அண்ட்ரொய்டிலோ 2014இல் வந்த 5.0 இருந்தாலே ஓடியது. முதலில் அடி விழுவது பாதுகாப்புக்கு, பிறகு வங்கி அப்களுக்கு. ஓடர் பணம் போனிலேயே வந்து விழுகிறதென்றால் அது சின்ன விஷயமில்லை.

அடுத்தது பற்றரி. "அப்டேட் போட்டதும் ஐபோன் ஆமையாகிவிட்டது" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் கதையில்லை. பற்றரி கிழடானால், போன் திடீரென்று கூடுதல் மின் கேட்கும்போது அதனால் கொடுக்க முடியாது. 30 வீதம் காட்டும்போதே போன் அணைந்துவிடும். அதைத் தவிர்க்க அப்பிள் 2017இல் பழைய பற்றரி உள்ள போன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்தது, பாவனையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமலே. அந்த வருட இறுதியில் விஷயம் வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலருக்கு இறக்கியது. அதன் பின்தான் செட்டிங்ஸில் பற்றரி ஹெல்த் என்ற பகுதியே வந்தது. மற்றப் பக்கமும் சுத்தமில்லை: 2016இல் தீப்பற்றிய நோட் 7ஐ சாம்சங் முழுதாகத் திரும்பப் பெற்றது, 2025 ஜனவரியில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பல பிக்சல் 4ஏ போன்களின் பற்றரி அரை நாளும் தாங்கவில்லை.

உங்கள் இப்போதைய போன் இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் நினைவகம் நிரம்பியதுதான். மலிவான போன்களில் இருப்பது வேகம் குறைந்த வகை நினைவகம். வாடிக்கையாளர் அனுப்பும் படமும் குரல் பதிவும் காலை வணக்கப் பூவும் சேர்ந்து அதை அடைத்துவிடும். புதிது வாங்க முன் வட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் பெரிய வீடியோக்களை அழியுங்கள், தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள். போன் கொஞ்சம் மூச்சு விட்டால் இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம். இதே காரணத்தால்தான் 64 ஜிபி ஐபோன் உங்களுக்குப் பொருந்தாது என்கிறேன். அதில் மெமரி கார்ட் போட வழியில்லை. ஏ26இல் உண்டு. விலை கூடிய ஏ36, ஏ56 இரண்டிலும் அதை எடுத்துவிட்டார்கள், ஏனென்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஐபோனிலேயே நிற்கிறதென்றால், காசு கொடுக்க முன் கடையிலேயே நின்று பாருங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால், பாகம் ஏதும் மாற்றப்பட்டிருந்தால் அந்த விபரம் அங்கே வரும். ஐபோன் 11இல் பற்றரியும் திரையும் அப்படித் தெரியும். 'அன்னோன் பார்ட்' (தெரியாத பாகம்) என்று இருந்தால் அது அப்பிள் பாகமில்லாமல் இருக்கலாம், அல்லது வேறு போனிலிருந்து கழற்றிப் போட்டதாக இருக்கலாம். பற்றரி ஹெல்த் 100 என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். பிறகு சிம் தட்டை ஊசியால் வெளியே எடுத்து, துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன ஒட்டுத்துண்டு இருக்கும்: வெள்ளையாக இருந்தால் சரி, சிவந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சிவப்பைக் கண்டால் விலை பேசாமலே திரும்பி நடவுங்கள். பழைய உரிமையாளரின் அப்பிள் கணக்கு வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும்; அதை உங்கள் கண் முன்னாலேயே செய்விக்க வேண்டும்.

எந்தப் போன் என்றாலும் *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை, ஆங்கிலத்தில் ஐஎம்இஐ (IMEI) என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியுள்ளதா என்று பதில் வரும். புதியதை வாங்கும்போது 'கடை வாரண்டி'யா 'கொம்பனி வாரண்டி'யா என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

நீங்கள் இருப்பது கடலோரம், வேலை செய்வது அடுப்படியில். உப்புக் காற்றும் நீராவியும் எந்தக் கொம்பனிக்கும் தயவு பார்க்காது. ஏ26க்கு ஐபி67, ஐபோன் 11க்கு ஐபி68 என்று தண்ணீர்த் தாங்கும் அளவு இருந்தாலும், இரண்டும் நன்னீரில் சோதித்தவை. ஒருமுறை திறந்து பூட்டிய போனுக்கு அந்த எண்ணைப் பேசிப் பயனில்லை. சார்ஜ் துவாரம் ஈரமாக இருக்கிறது என்று போன் சொன்னால் கேபிளைக் கழற்றி, காய்ந்த பிறகே போடுங்கள். திரை உடைந்தால் ஏ வரிசைச் சாம்சங்குக்குக் கொழும்பில் பாகம் தேடி அலைய வேண்டியிருக்காது. அப்பிளுக்கு இலங்கையில் சொந்தக் கடை இல்லை. அங்கீகாரம் பெற்ற இடங்களில் மாற்றினால் செலவு கூட.

ஏ26 எடுத்தால் பழைய ஓடர்கள் எதுவும் தொலைந்து போகாது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, வட்ஸ்அப்பின் 'ட்ரான்ஸ்ஃபர் சட்ஸ்' மூலம் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் எல்லாம் மாறிவிடும். ஐபோனுக்குப் போவதென்றால் 'மூவ் டு ஐஓஎஸ்' அப் வேண்டும். அந்த ஐபோன் புதிதாக ரீசெட் செய்யப்பட்டிருக்கவும் வேண்டும். கடையில் ஆசைக்கு உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மறுபடி அழித்துத்தான் தொடங்க வேண்டி வரும்.