நிரம்பியே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நீங்கள் எழுதும் வகுப்பறை நினைவுகளை ரொம்ப நாளாகப் படித்துவருகிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. பெயர் போட வேண்டாம்.

நாங்கள் கோவைப் பக்கம். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. மகனுக்கு 12 வயது, தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஐந்து வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். மூன்று வருடம் ஸ்பீச் தெரபிக்கு அலைந்தோம், இப்போது நன்றாகப் பேசுகிறான். கணக்கில் 90க்குக் குறைவதில்லை. தமிழில் பாஸாவதே பெரும்பாடு. காலாண்டுத் தேர்வில் ‘நண்பனுக்குக் கடிதம் எழுதுக’ என்ற கேள்விக்கு ‘எனக்கு நண்பன் இல்லை’ என்று ஒரே வரி எழுதிவிட்டு வந்திருக்கிறான். தமிழ் மிஸ் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

மற்றபடி பள்ளியில் கேட்டால், ‘உங்க பையனால ஒரு தொந்தரவும் இல்லீங்க, இருக்கிற இடமே தெரியாது’ என்கிறார்கள். வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆளே மாறிவிடுகிறான். பையை வீசுகிறான், தங்கச்சியை அடிக்கிறான், ஒருமணி நேரம் கத்திவிட்டு அப்படியே தரையில் தூங்கிவிடுகிறான். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று பள்ளியிலும் சொல்கிறார்கள், மாமியாரும் சொல்கிறார். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில்கூட சாயங்காலம் அப்படியே வருகிறது, அதற்கும் தினமும் என்னிடம் திட்டு வாங்குகிறான்.

மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறான். ஃபிரண்ட் என்று ஒருவனும் கிடையாது. முன்பெல்லாம் சனிக்கிழமையானால் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், எங்களுக்குப் பல வருடப் பழக்கம். படிக்கிற பையனைப் பட்டறையில் உட்கார வைக்கிறீர்களே என்று அக்கம்பக்கத்தில் பேசியதால் இரண்டு மாதமாக அனுப்புவதில்லை. இவனை சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா? ஃபிரண்ட் பிடிக்க எப்படிப் பழக்குவது? வழி சொல்லுங்கள் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்தத் தண்ணீர் பாட்டில், அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மகனுடைய பள்ளி நாள் எப்படிப் போகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கடிதத்தில் வேறு எதுவும் இல்லை. இன்று ராத்திரி, அவன் சாப்பிட்டு அமைதியாக இருக்கும்போது, கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஸ்கூல் பாத்ரூமுக்குப் போவியா?’ என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன். நாற்றம், ஈரத்தரை, இடைவேளையில் அறுபது பையன்களின் கூச்சல், தாழ்ப்பாள் இல்லாத கதவு. மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்வந்துவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு நாற்றமும் சத்தமும் தொடுகையும் நம்மைவிடப் பலமடங்கு உறைக்கும். பாத்ரூம் போகாமல் இருக்க ஒரே வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் என்று அவனே கண்டுபிடித்திருப்பான். ஏழு மணி நேரம், கோவை வெயிலில்.

இப்போது சாயங்காலத்துக்கு வருவோம். நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருந்த பிள்ளை வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினால் ஏன் இப்படி ஓடுகிறாய் என்று யாராவது அடிப்போமா? உங்கள் மகன் அடக்குவது சிறுநீரை மட்டுமில்லை. டெஸ்க்கைத் தட்டத் துடிக்கிற விரலை அடக்குகிறான், பெல் அடிக்கும்போது காதைப் பொத்தத் தூக்கிய கையை அடக்குகிறான், ஏன் எதற்கென்று தெரியாமலே மற்றவர்கள் எழும்போது எழுந்து உட்காரும்போது உட்கார்ந்து, ‘இருக்கிற இடமே தெரியாமல்’ இருக்கிறான். பள்ளிக்கு அது நல்ல பிள்ளை. எனக்கு அது காலை முதல் மாலை வரை மூட்டை தூக்குகிற பிள்ளை. இறக்கி வைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடம் வீடு. செல்லம் கொடுத்ததால் வருகிற கத்தல் இல்லை அது, யாரும் உங்களை அப்படிச் சொல்ல விடாதீர்கள்.

நானும் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் பள்ளிக்காரர்களின் பார்வை எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண், எல்லோரும் சிரிக்கும்போது அரை நொடி கழித்துச் சிரிப்பாள். சிரிப்பதற்கு முன்னால் பக்கத்துப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். அதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன், கவனித்தும் கூச்சசுபாவம் என்று விட்டுவிட்டேன். இருபத்தேழு வயதில், அவளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபிறகு, போன் செய்தாள். ‘டீச்சர், நான் ஸ்கூல்ல பாடம் படிக்கலை, மூஞ்சி படிச்சேன், பாடம் வீட்ல போய்த்தான் படிச்சேன்’ என்றாள். எத்தனையோ வருடம் கழித்து எனக்குக் கிடைத்த பாடம் அது. பெண்பிள்ளைகள் இப்படி மறைத்துக்கொள்வதில் தேர்ந்துவிடுவதால் பலர் கண்ணிலேயே படாமல் போகிறார்கள், இதைப் படிக்கிற ஆசிரியர்கள் அடுத்தவாரம் வகுப்பில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

சரி, அந்தக் கடிதக் கேள்வி. ‘எனக்கு நண்பன் இல்லை’ என்பதில் திமிர் எங்கே இருக்கிறது? கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எழுதியிருக்கிறான். நாம் அந்தக் கேள்வியைப் படித்ததும், இல்லாத ஒரு நண்பனை உண்டாக்கி, அவனுக்கு ஒரு பெயரும் ஊரும் கொடுத்து, ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்துவிடுவோம், அப்படிச் செய்யலாம் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, தானாகப் புரிந்துகொண்டோம். அவனுக்கு அதை வாயால் சொல்ல வேண்டும். தமிழ் மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாமல், தயவாகவே கேளுங்கள்: ‘இது கற்பனைக் கடிதம், பெயர் இது, ஊர் இது, மூன்று பத்தி, முதல் பத்தியில் இது, இரண்டாவதில் இது’ என்று ஒருமுறை உடைத்துக் கொடுக்க முடியுமா என்று. அல்லது வீட்டிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள். ‘காயில் கருகிப்போன ஒரு மோட்டாரைப் பற்றிக் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுது’ என்று சொல்லுங்கள். எத்தனை பக்கம் வருகிறதென்று பார்த்துவிட்டு, அவனுக்குத் தமிழ் வரவில்லையா கேள்வி புரியவில்லையா என்று முடிவு செய்யலாம்.

படிப்பில் இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான். கணக்கில் என்ன கேட்கிறார்கள் என்பது கணக்கிலேயே இருக்கிறது. கட்டுரையிலும், ‘கவிஞர் இங்கே என்ன சொல்ல வருகிறார்’ என்பதிலும் பாதி கேள்வி சொல்லப்படாமல் இருக்கிறது. போர்டைப் பார்த்து எழுதுவது, அதுவும் ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கும்போது எழுதுவது, ஒரே நேரத்தில் மூன்று வேலை. ஒரே மூச்சில் சொல்லும் நாலு கட்டளைகளில் கடைசி ஒன்றுதான் நிற்கும், அதனால் வீட்டுப்பாடத்தை வாயால் சொல்லாமல் போர்டில் எழுதிப்போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும், அதில் மற்ற பிள்ளைகளுக்கும் லாபம்தான். அப்புறம் டைம்டேபிள். டீச்சர் லீவு என்றால் வகுப்பே துள்ளும் ஃப்ரீ பீரியட்தான் இவனுக்கு நாளின் மோசமான பீரியட், எது நடக்கும் என்று தெரியாத நாற்பது நிமிடம். பி.டி. பீரியடும் மதிய இடைவேளையும் அதே கதைதான். அவற்றில் அவன் எங்கே உட்காரலாம், என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இருந்தால் போதும், லைப்ரரியில் பதினைந்து நிமிடம் இருக்க அனுமதி வாங்கினால்கூடப் போதும். பாத்ரூமுக்கும் அப்படியே, பெல் அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் காலியாக இருக்கும்போது போய்வர விடச்சொல்லுங்கள். காசு செலவில்லாத விஷயம்.

இதெல்லாம் பள்ளி போடும் பிச்சை கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 16ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் சேர்த்தே, பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்வதையும் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதி செய்துகொடுப்பதையும் பற்றிப் பேசுகிறது. 17ஆம் பிரிவில் தேர்வுக்கான கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுதும் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு எல்லாம் வருகின்றன. பொதுத்தேர்வில் இந்தச் சலுகைகள் வேண்டுமென்றால் மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், அதனால் பத்தாம் வகுப்பு வந்தபிறகு ஓடாமல் இப்போதே அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் காட்டிச் சான்றிதழும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறதா என்ற கணக்கைப் பார்ப்பார்கள். நன்றாகப் பேசுகிறான், கணக்குப் போடுகிறான் என்பதற்காகக் குறைத்துப் போட்டுவிடும் ஆபத்து உண்டு, சாயங்காலம் வீட்டில் நடப்பதையும் தேதிபோட்டு எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். தமிழுக்கு விலக்கு வாங்கிவிடலாமே என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். முதலில் அந்த மோட்டார் கடிதத்தைப் பார்ப்போம்.

சிறப்புப் பள்ளி பற்றிக் கேட்டீர்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் சரியான இடம், நல்ல சிறப்புப் பள்ளிகளையும் அங்கே நிம்மதியாக இருக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் மகன் படிக்க முடியாமல் திணறுவதாக நான் பார்க்கவில்லை, மூட்டை கனமாக இருப்பதாகத்தான் பார்க்கிறேன். முதலில் மூட்டையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு வருடம் கேட்டும் எதையும் செய்யாத பள்ளி என்றால் பள்ளியை மாற்றலாம், அது வேறொரு சாதாரணப் பள்ளியாகவும் இருக்கலாம். வகுப்பில் ஒரு நாற்காலி கொடுத்து உட்கார வைத்துவிட்டு அதற்கு உள்ளடக்கிய கல்வி என்று பெயர் சூட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

கடைசியாக ஃபிரண்ட் விஷயம். இதில்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்று ரொம்பக் காலமாகச் சொல்லிவந்தார்கள். டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் அதைத் திருப்பிப்போட்டார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களைப் புரிந்துகொள்ள நமக்கும்தான் தெரியவில்லை என்றார். 2020இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 72 பேரை எட்டெட்டுப் பேராகப் பிரித்து, நம் பிள்ளைகள் காதோடு காதாகச் சொல்லி விளையாடுவதைப் போலவே ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையில் போனது போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. கலந்து நிற்கவைத்த வரிசையில்தான் அதிகமாகச் சிதறியது.

அதனால் ‘எல்லாரோடும் போய்ப் பேசு, சிரி, கையைக் கொடு’ என்று பழக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னும் நன்றாக மறைக்கத்தான் அதில் கற்றுக்கொள்வான், சாயங்காலம் இன்னும் பெரிதாக வெடிப்பான். அவனைப் போலவே ஒன்றில் மூழ்கிப்போகிற ஒரே ஒரு பிள்ளை கிடைத்தால் போதும், அதுவும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டுமென்று இல்லை, ஒரு செஸ் போர்டோ கழற்றிப்போட்ட மிக்ஸியோ நடுவில் இருந்தால் போதும். கூடவே ஒன்றைக் கவனியுங்கள். சுற்றி நின்று ‘மோட்டாரு, மோட்டாரு’ என்று கேலி செய்கிறவர்களையும் நம்மிடம் பேசுகிறார்களே என்று நண்பர்களாக நினைத்துக்கொள்வான். ‘இன்னைக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு’ என்று கேட்டால் ‘நல்லா’ என்றுதான் சொல்வான். ‘டிபன் பாக்ஸை யாராவது தொட்டாங்களா, சொல்லச் சொல்லி யாராவது ஏதாவது வார்த்தை சொல்லிக்கொடுத்தாங்களா’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்படி ஏதாவது வந்தால் அன்றைக்கே பள்ளிக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் அவனுக்கு நண்பனே இல்லை என்று எப்படி எழுதினீர்கள்? ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்திருந்து போய், ஒருவர் செம்புக்கம்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அதற்கு வேறு என்ன பெயர்? ஐம்பது வயது என்பது நமக்குத்தான் கணக்கு. அங்கே அவன் யார் முகத்தையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை, எதையும் அடக்க வேண்டியதில்லை. ‘எனக்கு நண்பன் இல்லை’ என்று அவன் எழுதிய காலாண்டுத் தேர்வு, நீங்கள் அவனைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்தியதற்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

பல வருடப் பழக்கம் என்கிறீர்கள், தெருவைப் பார்த்த கடை. நீங்களோ வீட்டுக்காரரோ நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், கரண்டு வேலை நடக்கும்போது தள்ளி உட்காரச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பேசுகிற அக்கம்பக்கத்தார் சாயங்காலம் வந்து உங்கள் பிள்ளையைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. இந்தச் சனிக்கிழமை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கையில் அந்தத் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிடுங்கள், திரும்பி வரும்போது எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள்.

அன்புடன்,
அக்கா